முன்னது எது, பின்னது எது

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் 30 இரவைப் பற்றி என்னிடம் மூன்று பெட்டிகளின் பதிவு இருக்கிறது. கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மூன்று கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்க நாங்கள் வைத்தவை அவை. முதல் பெட்டியைக் கேட்டால் அன்றிரவு திரும்பத் திரும்ப மாலை 7:17 ஆகிக்கொண்டே இருந்தது என்கிறது. இரண்டாவது பெட்டியில் கிணற்று நீர் ஏறத் தொடங்குவது 1970 ஜனவரி 1, காலை 5:30 மணிக்கு. மூன்றாவது பெட்டி இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியை டிசம்பர் 3 பிற்பகலில் எழுதுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பின்பும் பல மணி நேரம் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை. மின்சாரம் போய்ப் போய் வந்து, பிறகு பல இடங்களில் வராமலே நின்றது. செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. எங்கள் வானூர் வட்டத்தில் அன்றிரவு மணி பார்த்தவர்கள் மிகக் குறைவு. தண்ணீர் இறைத்தவர்கள்தான் அதிகம்.

பெட்டிக்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. நாங்கள் வைத்திருக்கும் பழைய வகைகளில் தனிக் கடிகாரம் கிடையாது. மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ ஒரு காசு பேட்டரியும், நொடிக்கு 32,768 முறை துடிக்கும் ஒரு படிகமும் இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் அது எண்ணிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு கடிகாரத்தைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், பொருத்தியும் பார்த்தோம். உப்புக் காற்று பேட்டரியின் முனைகளை அரித்துவிடுகிறது. ஆகவே பெட்டி எழும்போது நேரத்தை இணையத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இணையம் இல்லையென்றால், மணிக்கொரு முறை தானே எழுதி வைத்த கடைசி நேரத்தை எடுத்து, "இதுதான் இப்போது" என்று வைத்துக்கொள்ளும். அந்த எழுத்து வேலை ஒவ்வொரு மணியிலும் பதினேழாவது நிமிடத்தில் நடக்கும்படி அமைந்திருக்கிறது. முதல் பெட்டி 7:17க்கு எழுதியது. அடுத்த 8:17 வரும் முன் மின்சாரம் போனது. வந்ததும் 7:17. மறுபடி போய் மறுபடி வந்ததும் 7:17. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம்கூட அது உயிரோடு இருக்கவில்லை. எழுதி வைத்த நேரத்தையும் இழந்த இரண்டாவது பெட்டியில் பழைய மென்பொருள் ஓடுகிறது. அது யுனிக்ஸ் கணினிகளின் தொடக்கப் புள்ளிக்கே போய்விட்டது. கிரீன்விச்சின் 1970 ஜனவரி முதல் நாள் நள்ளிரவு, நமக்குக் காலை ஐந்தரை.

பெட்டி ஒவ்வொரு முறை எழுவதும் ஒரு பிறவி. லாக் என்னும் இந்தப் பதிவுகளை மணிப்படி வரிசைப்படுத்தினால் ஒரு பிறவியின் வரியும் இன்னொரு பிறவியின் வரியும் பின்னிக்கொண்டு கூச்சலாகிவிடும். கிணறு நிறைந்து, வற்றி, நிறைந்து, வற்றியதாகத் தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. நல்லவேளையாக, லினக்ஸில் லாக் எழுதும் ஜர்னல் மணியை மட்டும் நம்புவதில்லை. பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் 128 பிட் நீளமுள்ள ஒரு புதிய பெயர் அதற்கு அமைகிறது. எழுந்து எத்தனை நுண்நொடி ஆயிற்று என்ற எண்ணிக்கையும் ஒவ்வொரு வரியுடன் பதிவாகிறது. இந்த எண்ணிக்கை பின்னால் போகவே போகாது. ஆகவே ஒரு பிறவிக்குள் எது முன்னது, எது பின்னது என்பதில் ஐயம் இல்லை. சிக்கல் பிறவிக்கும் பிறவிக்கும் நடுவில்தான். அந்தப் பெயர் குருட்டாம்போக்கில் விழும் ஒரு எண். இந்தப் பிறவி அந்தப் பிறவியல்ல என்று மட்டுமே அது சொல்லும். எது மூத்தது என்று சொல்லாது.

எங்கள் வட்டத்திலேயே இருக்கும் திருவக்கரை சந்திரமௌலீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலத்து எழுத்துகள் உண்டு. மரக்காணம் பூமீசுவரர் கோயிலிலும் உண்டு. அவற்றை வெட்டியவர்களிடமும் எல்லாருக்கும் பொதுவான ஆண்டு எண் பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. இன்ன அரசருக்கு யாண்டு இத்தனை என்று எழுதினார்கள். அரசர் மாறியதும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். வெறும் "பரகேசரிக்கு யாண்டு நான்கு" என்று மட்டும் ஒரு கல்லில் இருந்தால், அது முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்டபோது இரண்டு எண்ணிக்கைகள் ஒரே சமயத்தில் ஓடின. 1012க்கும் 1014க்கும் இடையில் இராசராசனுக்கு ஓர் ஆண்டும் இராசேந்திரனுக்கு வேறோர் ஆண்டும் நடந்தன. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் ஓர் ஆண்டும் அதற்கு "எதிர்" இன்னோர் ஆண்டுமாக இரண்டு எண்கள் வரும். பொதுவாகக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியும் இப்படித்தான். ஃபெஞ்சல் வந்தது குரோதியில் என்று நான் எழுதி வைத்தால், முந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது பல குரோதிகளில் ஏதோ ஒன்று.

அந்த எண்ணிக்கைகளை ஒரே நூலில் கோத்தவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஜெர்மானியரான கீல்ஹார்ன் கல்வெட்டில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டார். இன்ன ஆண்டில், இன்ன மாதத்தில், இந்தக் கிழமையும் இந்த விண்மீனும் ஒன்றாக விழும் நாள் எது என்று வானத்தைக் கொண்டு கணக்கிட்டார். இராசராசன் பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்பது அப்படிக் கிடைத்தது. நம் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட எபிமெரிஸில் கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் திதியும் நட்சத்திரமும் கணித்து வைத்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் பதினோரு நூற்றாண்டுகளின் ஒவ்வொரு நாளையும் உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

என் இரண்டாவது பெட்டிக்கு நாள் கிடைத்ததும் இதே வழியில்தான். 1970 என்று விழித்த அது, செல்போன் கோபுரம் உயிர்பெறும் முன்பே நின்றுபோனது. இணையத்திடம் நேரம் கேட்க அதற்கு வாய்க்கவே இல்லை. ஆனால் அந்தக் கிணறு எடையன்திட்டு முகத்துவாரத்துக்குப் பக்கம். கடல் ஏறி இறங்குவது கிணற்று நீரில் மெலிதாகத் தெரியும், ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை. புயல் இரவில் அந்த அலை குழம்பியிருந்தாலும் மறுநாளும் அதற்கு மறுநாளும் தெளிவாக இருந்தது. நவம்பர் 30 அமாவாசை. கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாள்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினேன். அந்த 1970 காலை ஐந்தரை என்பது எங்கள் நவம்பர் 30 இரவின் பின்பாதி.

முதல் பெட்டிக்கு அந்த வழியும் இல்லை. அது கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. கோப்பில் எந்த வரிக்குப் பின் எந்த வரி எழுதப்பட்டது என்பதைக் கொண்டு அதன் பிறவிகளை நான் வரிசைப்படுத்த முடிந்தது. மணி போட முடியவில்லை. இங்கேதான் எனக்கு நெருக்கடி வந்தது. இழப்பீட்டு மனுவுடன் எங்கள் அட்டவணையை இணைக்க விரும்பிய விவசாயிகள் இருந்தார்கள். மனுவை வாங்கும் இடத்தில் மணிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள். "ஒரு எட்டு, எட்டரைன்னு போட்டுக் குடும்மா, யார் பாக்கப் போறா" என்று அன்போடுதான் கேட்டார்கள். நான் போடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் மட்டும் போட்டு, மணிக் கட்டத்தில் கோடு கிழித்துக் கொடுத்தேன். மேற்கிலிருந்து ஏரி நீர் வந்து கிணறு நிறைந்தது முன், உப்பு ஏறியது பின் என்பதை அந்த வரிசை சொல்கிறது. அதைச் சொல்ல மணி தேவைப்படவில்லை. பொய் மணி ஒன்றைச் சேர்த்திருந்தால், மெய்யான வரிசையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

1978இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரை ஒன்று கணினித் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. பல கணினிகள், ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு மாதிரி. எது முன்னது என்று எப்படிச் சொல்வது? அவர் விடை மிகவும் சிக்கனமானது. ஒரே கணினிக்குள் நடந்தவற்றில் முன்பின் தெரியும். ஒரு கணினி செய்தி அனுப்பி இன்னொன்று பெற்றால், அனுப்பியது முன், பெற்றது பின். இந்த இரண்டையும் சங்கிலியாகக் கோத்துக் கிடைப்பதுதான் முன்பின். சங்கிலியால் எட்ட முடியாத இரண்டு நிகழ்வுகளில் ஒன்று மற்றொன்றுக்கு முன்னதும் அல்ல, பின்னதும் அல்ல. "எங்களுக்குத் தெரியவில்லை" என்பதல்ல அந்த விடை. ஒன்று மற்றொன்றைத் தொட்டிருக்க வழியே இல்லை என்பது. சுவரில் மாட்டிய கடிகாரம் இரண்டுக்கும் வேறு வேறு மணி காட்டலாம். அதனால் அவற்றுக்குள் உறவு வந்துவிடாது.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறார். மயிலம் தமிழ்க் கல்லூரியில் படித்தவர். மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் எங்கள் விழுப்புரம் மாவட்டம்தான் என்பதை வகுப்புக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். லாம்போர்ட்டை நான் அவரிடம் விளக்கியபோது அவர் வியக்கவில்லை. முன், பின், ஒருங்கே, விரைவு, தாமதம் என்ற உணர்வுகள்தாம் காலம் உண்டு என்பதற்கு அடையாளம் என்று வைசேடிகர்கள் சொன்னதை எடுத்துக்காட்டினார். "நம்ம சைவத்துல காலம் முப்பத்தாறு தத்துவத்துல ஒண்ணும்மா. மாயையிலேர்ந்து வந்தது. சடம். உயிருக்கு அனுபவம் கிடைக்கணும்னு போட்ட ஏற்பாடு. சிவனுக்கு முன்னும் இல்ல, பின்னும் இல்ல." அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வினையும் சடம், செய்தவனைத் தேடிப் போக அதற்கு அறிவு கிடையாது. ஆகவே எந்த வினை எந்த உயிருக்கு எந்தப் பிறவியில் என்று கூட்டி வைக்க ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் வாதம். மீமாஞ்சகர்களும் சமணர்களும் அப்படி ஒருவன் தேவையில்லை, வினையே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். என் பெட்டிகளோடு பழகிய எனக்கு சித்தாந்தத்தின் பக்கமே நியாயம் தெரிகிறது. எந்தப் பிறவியின் பெயரிலும் அதன் வரிசை எழுதியிருக்கவில்லை. பிறவிகளைக் கடந்து நிற்கும் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அவை வரிசையாகும்.

இதெல்லாம் எனக்குப் படிப்பாக மட்டும் இருந்திருக்கும், அத்தை வந்து கேட்டிராவிட்டால்.

அத்தை எனக்கு உறவல்ல; பக்கத்துத் தெரு. மரக்காணம் உப்பளத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர். அவருடைய தம்பியும் அங்கேயே பாத்தி வேலையில் இருந்து, உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தார். தம்பிக்காக அத்தை இரும்பை மாகாளத்தில் வேண்டிக்கொண்டு, தினமும் பொழுது சாயும்போது வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுவார். இரும்பை எங்களுக்குப் பக்கம்; சம்பந்தர் பாடிய தலம். காலத்தையே விழுங்கும் மாகாளர் அங்கே இருக்கிறார். கடுவெளிச் சித்தரின் கோபத்தில் லிங்கம் வெடித்ததும், அரசன் வேண்டியபின் அவரே அதைச் சேர்த்து வைத்ததும் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஃபெஞ்சல் இரவில் மரக்காணத்தில் அந்தத் தம்பி இறந்தார். நெஞ்சு வலி, வண்டி எதுவும் போக முடியாத இரவு. பக்கத்தில் இருந்தவர்கள் மணி பார்க்கவில்லை. அத்தைக்குச் செய்தி வந்தது மூன்றாம் நாள். அதே இரவில் இங்கே காற்றில் அத்தையின் விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் தண்ணீர், இருட்டு. அத்தை அதைத் திரும்ப ஏற்றவில்லை.

"வெளக்கு அணைஞ்சதுக்கு அப்புறம் அவன் போனானா பாப்பா, இல்ல அவன் போனதுக்கு அப்புறம் அணைஞ்சுதா? செத்துப்போன பொட்டியக்கூட நீ பேச வைக்கிறியே. எனக்கு இத மட்டும் பாத்துச் சொல்லு."

நான் நெடுநேரம் யோசித்துத்தான் பேசினேன். தெரியாது என்று சொல்லி அனுப்புவது எளிது. அது அத்தையை வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே உட்கார வைத்துவிடும். அந்த இரவில் கோபுரங்கள் ஓய்ந்தபின் வானூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஒரு சொல்கூடப் போகவில்லை, வரவில்லை. இங்கே அணைந்தது அங்கே எட்டவில்லை. அங்கே முடிந்தது இங்கே எட்டவில்லை. இரண்டும் முதன்முதலில் ஒன்றாகச் சேர்ந்தது மூன்றாம் நாள் அத்தையின் மனசுக்குள்தான், செய்தி வந்த அந்த நொடியில். ஒன்றின் மேல் ஒன்றாக அவற்றை அடுக்கியது துக்கம். "ரெண்டுக்கும் நடுவுல முன்னும் இல்ல, பின்னும் இல்ல அத்தை" என்றேன்.

"சாமிக்குத் தெரியாதா?" என்றார்.

சரியான கேள்வி. கோபுரம் விழுந்தாலும் விழாத வழி ஒன்று கடவுள் வழியாக உண்டு என்றால், என் லாம்போர்ட் அங்கே நின்றுபோவார். இதற்கு நான் ஆசிரியரிடம் கற்றதைத்தான் சொன்னேன். கடவுள் கூட்டி வைப்பது அவரவர் வினையை அவரவரிடம். ஒருவர் வினையை இன்னொருவர் தலையில் வைப்பதில்லை. உங்கள் விளக்கு அணைந்தது உங்களுடையது. அதைக் கொண்டுபோய்த் தம்பியின் உயிரில் கழிக்கிற கணக்கு எந்தச் சாத்திரத்திலும் நான் பார்க்கவில்லை.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப இத்தன நாளா நான் ஏத்துன வெளக்கும் அவனுக்குப் போய்ச் சேரலையா?"

ஆசிரியரிடம் இதைக் கொண்டுபோனேன். பிறருக்காகச் செய்யும் வழிபாடு செய்தவருக்குப் புண்ணியம், அடுத்தவருக்கு வருவது அவருடைய பக்குவத்துக்கு ஏற்ற அருள் என்றார். சாத்திரப்படி அது சரியாக இருக்கலாம். அத்தையிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் அத்தையிடம் வேறொன்று கேட்டேன்: விளக்கு ஏற்றுவது தம்பிக்குத் தெரியுமா? தெரியாமல் என்ன, தினமும் ஏற்றியதும் போன் பண்ணுவேன் என்றார். புயலன்றும்கூடப் பொழுதோடே ஏற்றிவிட்டு, போன் ஓயும் முன் பேசியிருக்கிறார். "ஏத்திட்டியாக்கா, காத்து அடிக்குதேன்னான். ஏத்திட்டேன்டான்னேன்."

அப்படியென்றால் ஏற்றிய விளக்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. அனுப்பியவர் உண்டு, பெற்றவர் உண்டு, பெற்றதற்கு மறுமொழியும் உண்டு. ஏற்றியது முன், அவர் கேட்டது பின், இறந்தது அதற்கும் பின். இந்த வரிசையை யாரும் அசைக்க முடியாது. அணைந்தது மட்டும் அவரை எட்டவில்லை. ஏற்றிய ஒவ்வொரு மாலையும் எட்டியது. அத்தையிடம் இதைச் சொல்லும்போது ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என் வேலையில் நான் எதை நிரூபணம் என்று ஏற்கிறேனோ அதே அளவுக்கு இது நிரூபணம்.

ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அது அக்கா தம்பிப் பாசம், அதை அருள் என்று குழப்பாதே என்கிறார். அருள் வேறு எந்த வழியாகவும் மனிதரிடம் வந்து நான் பார்த்ததில்லை என்கிறேன் நான். அதற்கு அவர் கேட்டார்: "அப்ப போன் பண்ண ஆளே இல்லாதவனுக்கு அருள் கெடையாதாம்மா?" அந்த இரவில் எங்கள் வட்டத்தில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். கூரை போன வீட்டில் தனியாக உட்கார்ந்து விடிய வைத்த ஒரு கிழவரை எனக்கே தெரியும். யாரும் அவரை அழைக்கவில்லை, அவரும் யாரையும் அழைக்கவில்லை. அவருக்கு என் கணக்கில் இடமில்லை என்று ஆசிரியர் சொல்வதை என்னால் இன்னும் மறுக்க முடியவில்லை. சிவஞான சித்தியாரில் இதைப் பேசும் இடத்தை அடுத்த வகுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறார். அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார்.